சுருங்கிய பின்னும் வளரும் சுரப்பி



ஓசூருக்கு அருகில், தென்பெண்ணை ஆற்றை ஒட்டி இருக்கும் சிற்றூர் தொரப்பள்ளி. 1878-ஆம் ஆண்டில் இராஜாஜி பிறந்த ஊர் அது. இன்று ஓசூரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தொழிற்சாலைகள். ஆயினும் இந்த வட்டாரத்தில் உழவுத் தொழில் மறைந்துவிடவில்லை. இங்குள்ள வயல்களிலும் மாட்டுத் தொழுவங்களிலும் தினமும் காணக்கூடிய இரண்டு காட்சிகளைக் கொண்டே இம்மாதப் பாடத்தைத் தொடங்குவோம்.

முதற் காட்சி, உருளைக்கிழங்கு நடவு. விதைக் கிழங்கைத் துண்டு போடும் விவசாயி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு 'கண்' இருக்கும்படி பார்த்து வெட்டுகிறார். கண் இல்லாத துண்டை நட்டால் அது மண்ணில் அழுகிப் போகும். கண் உள்ள துண்டிலிருந்து தண்டு, இலை, வேர், மீண்டும் கிழங்கு என்று முழுச் செடியே வந்துவிடும்.

இரண்டாவது காட்சி, தொழுவத்தில் நிற்கும் உழவு மாடு. இந்த எல்லைப் பகுதியில் ஹள்ளிகார் இன மாடுகள் பேர் பெற்றவை. இளங்காளையைக் காயடித்து உழவுக்கும் வண்டிக்கும் பழக்குவார்கள். காயடித்தபின் காளையின் முரட்டுத்தனம் குறைகிறது. திமிலும் கழுத்தும் பொலிகாளைக்கு உள்ளதுபோல் பருப்பதில்லை. இவை வெளியே தெரியும் மாறுதல்கள். வெளியே தெரியாத மாறுதல் ஒன்றும் உண்டு. விந்து நீரைச் சுரக்க உதவும் உள் சுரப்பிகளும் சிறுத்துப் போகின்றன. அவற்றுள் ஒன்று புராஸ்டேட் சுரப்பி.

கிழங்கின் கண்ணுக்கும் இந்தச் சுரப்பிக்கும் என்ன தொடர்பு? அதுவே இந்தப் பாடத்தின் கேள்வி.

குருத்துச் செல் என்றால் என்ன?

வாழை மரத்தைக் குறுக்கே வெட்டிவிட்டு மறுநாள் சென்று பாருங்கள். வெட்டுப்பட்ட இடத்தின் நடுவிலிருந்து குருத்து மேலெழுந்திருக்கும். வெளி மட்டைகள் அப்படியே நிற்க, குருத்து மட்டும் வளர்கிறது. நம் உடலிலும் இத்தகைய 'குருத்து' உண்டு. அதைத்தான் ஸ்டெம் செல் என்கிறோம். தமிழில் குருத்துச் செல் என்று அழைப்போம்.

ஒரு செல்லைக் குருத்துச் செல் என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு இரண்டு பண்புகள் வேண்டும். ஒன்று, அது பிரியும்போது தன்னைப் போன்ற இன்னொரு குருத்துச் செல்லை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இருப்பு தீர்ந்துபோகும். இரண்டு, ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் முதிர்ந்த செல்களையும் அது உண்டாக்க வேண்டும்.

நம் எலும்பு மச்சையில் உள்ள இரத்தக் குருத்துச் செல்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய எல்லாம் அவற்றின் வழித்தோன்றல்களே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1986-ஆம் ஆண்டு முதல் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை நடந்து வருகிறது. ஒருவருடைய மச்சையிலிருந்து எடுத்த செல்கள் இன்னொருவர் உடலில் குடியேறி, வாழ்நாள் முழுவதும் இரத்தம் உண்டாக்குகின்றன. இது குருத்துச் செல்லின் ஆற்றலுக்கு நேரடிச் சான்று.

புராஸ்டேட் எங்கே இருக்கிறது?

ஆண்களின் உடலில், சிறுநீர்ப் பைக்குச் சற்றுக் கீழே, சிறுநீர்க் குழாயின் தொடக்கப் பகுதியைச் சுற்றிக்கொண்டிருப்பது புராஸ்டேட். இளைஞர்களுக்கு அது ஏறத்தாழ ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். எடை சுமார் 20 கிராம். விந்து நீரின் ஒரு பகுதியை இது சுரக்கிறது.

இதன் உட்புறம் மரம்போல் கிளைத்துச் செல்லும் நுண்குழாய்களால் ஆனது. ஒவ்வொரு குழாயின் சுவரிலும் இரண்டு வரிசைச் செல்கள் உள்ளன. குழாயின் உட்புறத்தைப் பார்த்து நிற்கும் உயரமான செல்கள் உள் வரிசைச் செல்கள். திரவத்தைச் சுரப்பவை இவையே. அவற்றுக்கு அடியில் நெருக்கமாக அமைந்திருப்பவை அடி வரிசைச் செல்கள். இவ்விரண்டுக்கும் இடையே, மிகக் குறைந்த எண்ணிக்கையில், நரம்புச் செல்லின் தன்மையும் சுரப்புச் செல்லின் தன்மையும் கலந்த மூன்றாம் வகைச் செல்களும் உண்டு. இந்த வரிசைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வழக்கே இவர்களுக்கு இடையில்தான்!

கருவில் தோன்றும் விதம்

தாயின் வயிற்றில் கரு வளரத் தொடங்கிய முதற் சில வாரங்களில் ஆண் கருவுக்கும் பெண் கருவுக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. இரண்டிலும் சிறுநீர்-பிறப்புறுப்புக் குழி என்ற சிறு பை இருக்கும். ஆண் கருவில் ஏறத்தாழ எட்டாவது வாரத்தில் விந்தகம் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. பத்தாவது வாரமளவில் அந்தக் குழியின் சுவரிலிருந்து சிறு மொட்டுகள் புறப்பட்டு, சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவிக் கிளைக்கின்றன. அவையே புராஸ்டேட்டின் குழாய்கள் ஆகின்றன. அந்தச் சுவரின் செல்கள் எண்டோடெர்ம் எனப்படும் அகப்படையைச் சேர்ந்தவை. ஆகவே புராஸ்டேட் குழாய்களின் குருத்துச் செல்களுக்கு மூதாதையர் அகப்படைச் செல்கள் எனலாம்.

ஹார்மோன் நேராக மொட்டுச் செல்லிடம் சென்று 'வளர்' என்று கட்டளையிடுகிறதா? இல்லை என்று காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி ஜெரால்டு குன்ஹா. 1970-களிலும் 1980-களிலும் அவர் எலிகளில் நடத்திய ஒட்டுச் சோதனைகள் புகழ்பெற்றவை. வளர்ந்த எலியின் சிறுநீர்ப் பையிலிருந்து உட்புறச் செல்களை எடுத்து, கருவின் சிறுநீர்-பிறப்புறுப்புக் குழியைச் சூழ்ந்துள்ள இணைப்புத் திசுவுடன் சேர்த்து வளர்த்தார். சிறுநீர்ப் பைச் செல்கள் புராஸ்டேட் சுரப்பியாக மாறின! ஹார்மோனை உணரும் ஏற்பி இல்லாத எலியிலிருந்து இணைப்புத் திசுவை எடுத்தபோதோ புராஸ்டேட் உருவாகவில்லை. ஹார்மோனின் செய்தியை முதலில் கேட்பது சுற்றியுள்ள திசு. அது பிறகு மொட்டுச் செல்களை வளரத் தூண்டுகிறது.

விதை நன்றாக இருந்தால் மட்டும் போதாது, மண்ணும் வேண்டும் என்பது விவசாயிக்குத் தெரிந்த உண்மை. குருத்துச் செல்லுக்கும் அது பொருந்தும்.

சுருங்குதல், வளர்தல்

காயடிக்கப்பட்ட விலங்குகளின் புராஸ்டேட் சிறுத்துத் தளர்ந்திருப்பதை இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் 1786-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது இல்லை.

இயற்கையும் இதே சோதனையை நடத்துகிறது. நம் நாட்டின் ஐந்து வரி அணிலுக்கு இனப்பெருக்கக் காலம் என்று ஒன்று உண்டு. அக்காலம் முடிந்ததும் ஆண் அணிலின் விந்தகம் சிறுத்துவிடும். அதனுடன் புராஸ்டேட்டும் சுருங்கும். அடுத்த பருவம் வரும்போது இரண்டும் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். இந்திய, இலங்கை அணில்களின் ஆண் இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றி விலங்கியல் அறிஞர் எம்.ஆர்.என். பிரசாத் 1957-ஆம் ஆண்டில் விரிவாக எழுதியுள்ளார். வேப்ப மரத்தில் ஓடி விளையாடும் அணிலுக்குள் ஓர் உறுப்பு ஆண்டுதோறும் அழிந்து வளர்கிறது என்பது வியப்பல்லவா?

1980-களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஐசக்ஸ் குழுவினர் இதையே ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தனர். எலியின் விந்தகத்தை அகற்றினால், சில வாரங்களில் புராஸ்டேட் தன் எடையில் பெரும் பகுதியை இழக்கும். உள் வரிசைச் செல்களில் மிகப் பல மடிந்துவிடும். அடி வரிசைச் செல்கள் பெரும்பாலும் தப்பிவிடும். பிறகு வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்தால் ஏறத்தாழ இரண்டே வாரங்களில் சுரப்பி மீண்டும் வளர்ந்துவிடும். ஹார்மோனை நிறுத்தினால் மீண்டும் சுருங்கும். இப்படிப் பலமுறை செய்தும் வளரும் ஆற்றல் குன்றவில்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சற்று நிறுத்தி நீங்களே சிந்தித்துப் பாருங்கள். ஹார்மோன் இல்லாத பஞ்ச காலத்திலும் உயிரோடிருக்கும் சில செல்கள் உள்ளே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை சுரப்பியை வளர்த்த பின்னும் அவை தீர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். குருத்துச் செல்லின் இரண்டு பண்புகளும் இங்கே வந்துவிட்டன. உருளைக்கிழங்கின் கண்ணைப் போன்ற ஒன்று புராஸ்டேட்டுக்குள்ளும் இருக்கிறது என்ற முடிவுக்கு அறிஞர்கள் வந்தனர்.

அந்தக் 'கண்' எங்கே?

சந்தேகம் முதலில் அடி வரிசைச் செல்கள் மீது விழுந்தது. ஹார்மோன் இல்லாமலும் தப்பிப் பிழைப்பவர்கள் அவர்கள்தாமே! 2002-இல் வெளியான எலி ஆய்வு ஒன்று, மெதுவாகப் பிரியும் செல்கள் நுண்குழாய்களின் நுனியில் இல்லாமல் சிறுநீர்க் குழாயை ஒட்டிய அடிப் பகுதியில் கூடியிருப்பதைக் காட்டியது. அடிக்கடி பிரியாமல் ஒதுங்கியிருப்பது குருத்துச் செல்கள் பலவற்றின் இயல்பு.

2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலியின் புராஸ்டேட்டிலிருந்து ஒரே ஒரு செல்லைப் பிரித்தெடுத்தனர். அதைக் கருவின் இணைப்புத் திசுவுடன் சேர்த்து, இரத்த ஓட்டம் மிகுந்த சிறுநீரகத்தின் மேலுறைக்கு அடியில் பதித்தனர். சில சோதனைகளில் அந்த ஒற்றைச் செல்லிலிருந்து இரு வரிசைகளும் கொண்ட புராஸ்டேட் திசு வளர்ந்தது. வழக்கு முடிந்தது போலத் தோன்றியது.

ஆனால் முடியவில்லை. 2009-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹார்மோன் இல்லாமலும் தப்பிப் பிழைக்கும் அரிய செல்களை உள் வரிசையிலேயே கண்டனர். அவையும் ஒற்றைச் செல்லாக நின்று இரு வரிசைகளையும் உண்டாக்கின. அப்படியானால் எது உண்மையான குருத்துச் செல்?

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு செல்லைப் பிடுங்கி வேறு மண்ணில் நட்டால் அது என்ன செய்ய முடியும் என்பது ஒரு கேள்வி. தன் சொந்த இடத்தில் இருக்கும்போது அது என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை காண, செல்லை இடம் பெயர்க்காமல் அதன்மேல் அழியாத வண்ண அடையாளம் இடும் முறை உருவாயிற்று. அடையாளம் மரபணுவிலேயே பதிவதால், அந்தச் செல்லின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அனைவரும் அதே நிறம் பெறுவர். கன்றுக்குச் சூடு போட்டு மந்தையில் அடையாளம் காண்பது போன்றது இது. இங்கே சூட்டுக் குறி பரம்பரைக்கும் வரும், அவ்வளவே வேறுபாடு.

2012-இல் இம்முறையில் வெளியான ஆய்வுகள் தெளிவான செய்தியைத் தந்தன. பிறந்த சிறிது காலம் வரை, எலியின் அடி வரிசைச் செல்கள் இரு வரிசைகளையும் உண்டாக்குகின்றன. சுரப்பி முழு வளர்ச்சி பெற்ற பிறகு, அடி வரிசை பெரும்பாலும் தன் வரிசையையும், உள் வரிசை தன் வரிசையையும் பேணிக்கொள்கின்றன. 2020-இல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது. சுரப்பி சுருங்கியபின் எஞ்சியிருக்கும் உள் வரிசைச் செல்களில் ஏதோ ஒரு சில மட்டுமல்ல, பெரும்பாலானவை ஹார்மோன் திரும்பியதும் பிரிந்து சுரப்பியை மீண்டும் கட்டுகின்றன என்று அது காட்டியது.

மருள் செடியை அறிவீர்களா? அந்த இனச் செடியின் இலையைத் துண்டாக்கி மண்ணில் ஊன்றினால், கண் எதுவும் இல்லாத அந்த இலைத் துண்டு வேர் விட்டுப் புதுச் செடியாகும். முதிர்ந்த இலைச் செல்களே இளமைக்குத் திரும்புகின்றன. புராஸ்டேட்டில் உருளைக்கிழங்கின் வழியும் இருக்கிறது, மருள் இலையின் வழியும் இருக்கிறது. குருத்துத் தன்மை என்பது சில செல்களுக்கு மட்டும் பிறப்பிலேயே கிடைத்த பட்டம் அன்று. தேவையும் சூழ்நிலையும் கூடும்போது வேறு செல்களும் அந்த வேலையை ஏற்கக்கூடும்.

மனிதர்களுக்கு வண்ண அடையாளம் இட முடியாது. எனினும் இயற்கையே இட்ட அடையாளம் ஒன்று உண்டு. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியாவுக்குச் சொந்த டி.என்.ஏ. இருக்கிறது. வயது ஏற ஏற அதில் சிறு மாறுதல்கள் தோன்றி வழித்தோன்றல்களுக்குச் செல்லும். மனித புராஸ்டேட்டில் ஒரே மாறுதலைத் தாங்கிய அடி வரிசைச் செல்களும் உள் வரிசைச் செல்களும் அடுத்தடுத்துக் காணப்பட்டுள்ளன. அவை ஒரே மூதாதைச் செல்லின் வாரிசுகள் என்பதற்கு இது சான்று.

இதை ஏன் அறிய வேண்டும்?

1941-ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹக்கின்ஸ், பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கு விந்தகத்தின் ஹார்மோனை நிறுத்தினால் நோய் தணிவதைக் காட்டினார். அதற்காக அவருக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹார்மோனைத் தடுக்கும் சிகிச்சை இன்றும் பயன்படுகிறது. ஆனால் முற்றிய நோயில், சுருங்கிய கட்டி சில காலம் கழித்துப் பலருக்கு மீண்டும் தலைதூக்குகிறது.

ஹார்மோன் இல்லாமலும் வாழத் தெரிந்த செல்கள் சுரப்பியில் உண்டு என்று பார்த்தோம். புற்றுநோய்க் கட்டியிலும் அத்தகைய செல்கள் தப்பிவிடுகின்றன. சில புற்றுச் செல்கள் ஹார்மோன் ஏற்பியை மிகுதியாக உண்டாக்கிக்கொண்டு, சொற்ப ஹார்மோனைக் கொண்டே வளர்கின்றன. எந்தச் செல் எவ்வாறு தப்புகிறது என்று அறிந்தால்தான் அதையும் தாக்கும் மருந்தைத் தேட முடியும். எலியின் சுரப்பியில் வண்ணம் இட்டுப் பார்க்கும் ஆய்வுக்குப் பின்னால் இருப்பது இந்த உயிர்ப் பிரச்சினையே.

இன்னொரு செய்தி உங்கள் வீட்டுக்கே உரியது. வயது ஏறும்போது பெரும்பாலான ஆண்களுக்குப் புராஸ்டேட் சற்றுப் பருக்கிறது. அது நடுவில் செல்லும் சிறுநீர்க் குழாயை நெருக்குவதால், இரவில் பலமுறை எழ வேண்டியிருக்கும். சிறுநீர் தயங்கி வரும். இந்தச் சாதாரண வீக்கம் புற்றுநோய் அன்று. இதற்கு மருந்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. ஆனால் தாத்தாக்கள் பலர் வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. எது சாதாரண வீக்கம், எது புற்று என்பதை மருத்துவர்தாம் பரிசோதித்துச் சொல்ல முடியும். உங்கள் வீட்டுப் பெரியவர் இவ்வாறு துன்பப்பட்டால், கூச்சப்படாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். சுரப்பியைப் பற்றிப் படித்தவர் நீங்கள். நீங்கள்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

'ஸ்டெம் செல் ஊசி போட்டால் எந்த நோயும் தீரும்' என்ற விளம்பரங்களையும் நீங்கள் காணக்கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதில் தெளிவாக உள்ளன. சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்கு இரத்தக் குருத்துச் செல் மாற்றுதல் ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்றவை முறையான ஆய்வுக்குள் மட்டுமே நடத்தப்பட வேண்டும். ஒரு செல் எந்த மண்ணில் என்ன ஆகும் என்பதை இத்தனை ஆண்டுகள் ஆராய்ந்தும் அறிஞர்கள் இன்னும் விவாதித்து வருவதைப் பார்த்தீர்கள். அப்படியிருக்க, ஒரே ஊசியில் எல்லாம் தீரும் என்பவரை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

முளைவிடத் தொடங்கிய உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து, கண் உள்ள துண்டுகள் மூன்று, கண் இல்லாத துண்டுகள் மூன்று வெட்டுங்கள். ஒரு நாள் நிழலில் காயவைத்து, தனித்தனித் தொட்டிகளில் ஈர மணலில் புதையுங்கள். மருள் இனச் செடி கிடைத்தால், விரல் நீள இலைத் துண்டுகள் மூன்றையும் தலைகீழாகாமல் ஊன்றி வையுங்கள். உருளைக்கிழங்கை மூன்று வாரமும், மருள் துண்டுகளை இரண்டு மூன்று மாதமும் பொறுத்திருந்து கவனியுங்கள். எது முளைத்தது, எந்த இடத்திலிருந்து முளைத்தது என்று நாள் குறித்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. குருத்துச் செல்லுக்கு இருக்க வேண்டிய இரண்டு பண்புகள் எவை?

2. குன்ஹாவின் சோதனையில் இணைப்புத் திசுவின் பங்கு என்ன?

3. ஐந்து வரி அணிலின் புராஸ்டேட் ஆண்டுதோறும் சுருங்கி வளர்வதற்குக் காரணம் என்ன?

4. ஒரு செல்லை இடம் மாற்றி நட்டுப் பார்க்கும் சோதனைக்கும், இருந்த இடத்திலேயே அடையாளம் இட்டுப் பார்க்கும் சோதனைக்கும் கிடைக்கும் விடைகள் ஏன் வேறுபடுகின்றன?